முன்றில் வழி: பழைய இல்லத்தின் கற்பாதையைச் சீரமைத்தல்

(விழாச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

விழா மேடையில் பேசுதற்குரிய பொருள்கள் பல உள்ளன. ஆலயத் திருப்பணி, ஆகமங்களின் அருமை, முனிவர் பெருமக்களின் வரலாறு என அவை விரியும். அவற்றுக்கிடையே, ஒரு பழைய வீட்டின் தெருவாயிலிலிருந்து திண்ணைப் படி வரை செல்லும் 18 அடிக் கல்வழியைப் பற்றிப் பேசுவது மிகச் சிறிய பொருளாகத் தோன்றலாம். ஆயினும் ஓர் இல்லத்தில் நாள்தோறும் மிகுதியாக மிதிக்கப்படும் நிலம் அதுவே. விடியற்காலையில் ஜினாலயத்துக்குச் செல்லும் கால் அதன்மீது நடக்கிறது. பள்ளியிலிருந்து ஓடி வரும் பிள்ளையின் காலும் அதன்மீதே பதிகிறது. அவ்வழியில் எறும்பும் நடக்கிறது, நத்தையும் ஊர்கிறது. ஆதலின், அதனை எவ்வாறு பேணுவது என்பது கொத்தனாரிடம் விட்டுவிடும் வினா மட்டும் அன்று. இல்லறத்தார் தாமே எண்ணி முடிவு செய்யவேண்டிய வினாவும் ஆகும்.

திருவண்ணாமலை, விழுப்புரம், காஞ்சிபுரம், இராணிப்பேட்டை மாவட்டங்களில் தமிழ்ச் சமணர் வாழும் ஊர்களில், ஆலயத்தை ஒட்டிய நெருக்கமான தெருக்களில் திண்ணை தெருவைத் தொட்டு நிற்கும். அங்கே முன்றில் வழிக்கு இடமில்லை. ஊரின் ஓரத்தில் சற்று அகன்ற மனைகளில் கட்டப்பட்ட வீடுகளிலோ தெருவுக்கும் திண்ணைக்கும் இடையே சிறு பூந்தோட்டம் இருக்கும். நந்தியாவட்டையும் பவழமல்லியும் செம்பருத்தியும் அங்கே பூசைக்காக வளர்க்கப்பெறும். அத்தோட்டத்தின் நடுவே முன்னோர் இட்ட கருங்கற் பலகைகள் ஒரு வழியாகக் கிடக்கும். அக்கல்வழியே இச்சொற்பொழிவின் பொருள்.

வந்தவாசி வட்டாரத்தில் அத்தகைய ஒரு வீட்டை மனக்கண்முன் நிறுத்திப் பார்க்கலாம். வழியின் நீளம் 18 அடி, அகலம் 4 அடி. ஒவ்வொன்றும் 3 அடி நீளமும் 2 அடி அகலமும் 4 அங்குலக் கனமும் உடைய 12 பலகைகள், வரிசைக்கு இரண்டாக ஆறு வரிசைகளில் இடப்பட்டுள்ளன. வீட்டில் தாயார் மட்டும் இருக்கிறார். பிள்ளைகள் சென்னையில் பணிபுரிகின்றனர். ஒரு கார்த்திகை மாதத்துக் காலையில், மழை விட்ட நேரத்தில், அமிழ்ந்து கிடந்த ஒரு பலகையின் விளிம்பில் தாயாரின் கால் தடுக்கியது. கையை ஊன்றியதால் பெரிய தீங்கு நேரவில்லை. மணிக்கட்டு வீங்கியதோடு போயிற்று.

செய்தி கேட்டு ஓடி வந்த மூத்த மகன், "இந்தக் கல்லையெல்லாம் மூடிக் கான்கிரீட் போட்டு, மேலே டைல்ஸ் ஒட்டிவிடலாம் அம்மா, இரண்டு நாள் வேலை" என்றார். தாயாரோ, "வேண்டாம் தம்பி, கல்லுக்கு அடியில் எத்தனை உயிர் இருக்கிறதோ, உங்கள் தாத்தா போட்டது அப்படியே இருக்கட்டும், நான் பார்த்து நடந்துகொள்கிறேன்" என்றார். "அடுத்த முறை விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் யார் பக்கத்தில் இருப்பார்கள்?" என்று மகன் கேட்டதற்குத் தாயாரிடம் விடையில்லை. "மூடிவிட்டால் அடியில் இருப்பவை என்ன ஆகும்?" என்று தாயார் கேட்டதற்கு மகனிடமும் விடையில்லை.

இருவர் சொல்லிலும் அறம் இருக்கிறது. பெற்ற தாயின் உடலைக் காப்பது மகனின் கடமை. கண்ணுக்குத் தெரியாத உயிரையும் எண்ணிப் பார்ப்பது தாயார் வளர்ந்த நெறி. இவ்விரண்டும் ஒன்றையொன்று வெல்ல வேண்டியதில்லை என்பதற்கு ஆன்றோர் வாக்கிலேயே வழி உண்டு.

இல்லறத்தாரின் வாழ்வில் நேரும் ஹிம்சையைச் சமணச் சான்றோர் நான்காக வகுத்துள்ளனர். கொல்ல வேண்டும் என்னும் எண்ணத்தோடு செய்வது சங்கல்பி. சமைத்தல், பெருக்குதல், கட்டுதல் முதலிய வீட்டுச் செயல்களில் நேர்வது ஆரம்பி. பிழைப்புக்கான தொழிலில் நேர்வது உத்தியோகி. தற்காப்பில் நேர்வது விரோதி. முதலாவதை இல்லறத்தார் முற்றும் விலக்க வேண்டும். ஏனைய மூன்றையும் இயன்ற அளவு குறைக்க வேண்டும். வீட்டுப் பாதையைச் செப்பனிடுவது இரண்டாம் வகையைச் சேர்ந்தது. அது விலக்கப்பட்ட செயல் அன்று. கவனத்தோடு செய்யவேண்டிய செயல்.

சமந்தபத்திரர் அருளிய இரத்தினகரண்ட சிராவகாசாரம் இன்னுமொரு அளவுகோலைத் தருகிறது. பயனற்ற செயல்களால் விளையும் தீங்கை விலக்கும் அனர்த்ததண்ட விரதத்தை விளக்குமிடத்து, பயனின்றி மண்ணை அகழ்தலையும் நீரை வீணாக்குதலையும் செடிகொடிகளை வெட்டுதலையும் அந்நூல் குற்றமாக எண்ணுகிறது. ஆகவே கேட்கவேண்டிய கேள்வி, தோண்டலாமா கூடாதா என்பதன்று. இத்தோண்டல் தேவைதானா, எவ்வளவு தேவை, ஒருமுறை செய்தால் மீண்டும் செய்ய வேண்டாதபடி அமையுமா என்பனவே கேள்விகள். தொழில் அறிந்த கல்தச்சரும் இதே கேள்விகளைத்தான் கேட்பார். அறமும் தொழில்நுட்பமும் இங்கே ஒரே திசையைக் காட்டுகின்றன.

முதற்பணி, ஒன்றும் செய்யாமல் பார்த்தல். மழை பெய்யும்போது திண்ணையில் அமர்ந்து, நீர் எங்கே விழுகிறது, எவ்வழி ஓடுகிறது, எங்கே தேங்குகிறது என்பதை நோக்க வேண்டும். 1 சென்டிமீட்டர் மழை பெய்தால் இவ்வழியின்மீது மட்டும் ஏறத்தாழ 67 லிட்டர் நீர் விழும். கூரைத் தாழ்வாரத்திலிருந்து சொட்டுவது இதனினும் மிகுதி. மழை விட்டபின் ஒவ்வொரு கல்லிலும் சுண்ணக்கட்டியால் எண்ணிட்டு, ஒரு தாளில் படம் வரைந்து, எந்தக் கல் அமிழ்ந்தது, எது எழும்பியது, எது ஆடுகிறது எனக் குறித்துக்கொள்ள வேண்டும்.

அவ்வாறு பார்த்தால் கற்பனை வீட்டிலும் உண்மை வீடுகளிலும் காரணங்கள் பெரும்பாலும் இவையாகவே இருக்கும்: குடிநீர்க் குழாய்க்காகப் பள்ளம் தோண்டி, மண்ணை இடித்து இறுக்காமல் மேலே கல்லைப் போட்டது, தாழ்வாரத்து நீர் ஒரே இடத்தில் விழுந்து அடிமண்ணை அரித்தது, எலி வளை சரிந்தது, மரத்தின் வேர் கல்லைத் தூக்கியது. கல் கெட்டுப்போவது மிக அரிது. கெட்டிருப்பது கல்லின் அடியில் உள்ள மண்.

எண்ணிட்டுப் பார்த்தபோது அவ்வீட்டின் 12 பலகைகளில் 7 அசையாமல், தாத்தா வைத்த சாய்வு மாறாமல் கிடந்தன எனக் கொள்வோம். குழாய்ப் பள்ளத்தின்மேல் கிடந்த 4 பலகைகள் அமிழ்ந்திருந்தன. வாயிலருகே ஒன்று ஆடியது. ஆக, தொடவேண்டியவை 5 மட்டுமே. முழுப் பாதையையும் பெயர்க்கவேண்டும் என்னும் எண்ணமும், முழுப் பாதையையும் மூடவேண்டும் என்னும் எண்ணமும் பாராமல் எழுந்தவை. பார்த்தபின் வேலை பாதிக்கும் கீழாகக் குறைந்துவிட்டது.

கான்கிரீட்டால் மூடுவது ஏன் ஆகாது என்பதையும் சொல்லியாக வேண்டும். போர்ட்லண்டு சிமெண்டுக்கு இங்கிலாந்தில் உரிமம் பெறப்பட்டது 1824இல். அது தமிழ்நாட்டுச் சிற்றூர்களுக்குப் பரவுமுன் கட்டப்பட்ட வீடுகள் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டவை. அவற்றின் சுவர்களுக்கு ஈரம் ஏறாமல் தடுக்கும் அடுக்கு இராது. மண்ணின் ஈரம் சுவரடியில் சிறிது ஏறும். சுற்றியுள்ள வெறும் நிலத்தின் வழியாகவும் சுண்ணாம்புப் பூச்சின் வழியாகவும் ஆவியாகிப் போகும். திண்ணையை ஒட்டிக் கான்கிரீட் பரப்பினால் நிலத்தின் மூச்சு அடைபடும். ஈரம் சுவரின் வழியே மேலேறும். சில ஆண்டுகளில் சுவரில் உப்புப் பூத்து, பூச்சு உதிரும். மேலும், பழைய கல்லின்மேல் 4 அங்குலக் கான்கிரீட்டும் அதன்மேல் டைல்ஸும் ஏறினால் பாதை திண்ணையின் அடிப்படியை விழுங்கிவிடும். மழைநீர் நேராகத் திண்ணைச் சுவரில் மோதும். வழவழப்பான டைல்ஸ் நனைந்தால் கால் வழுக்கும் என்பதையும், தாயாரின் பாதுகாப்பை எண்ணியே இம்முடிவுக்கு வந்த மகன் கருதிப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று உண்டு. அடியில் உள்ள குழாய் என்றேனும் ஒருநாள் ஒழுகும். கற்பாதையாயின் அவ்விடத்துக் கல்லொன்றை எடுத்துச் செப்பனிட்டு மீண்டும் வைத்துவிடலாம். கான்கிரீட்டாயின் உடைத்தே ஆகவேண்டும். மீண்டும் மண் கலங்கும், மீண்டும் உயிர்கள் மடியும். திரும்பத் திரும்பத் தோண்ட வைக்கும் வேலை எதுவோ அதுவே பயனற்ற அகழ்தலுக்கு வாயில்.

அடுத்தது காலம். மழைக்காலத்தில் நிலமெங்கும் உயிர்கள் பெருகும் என்பதாலேயே முனிவர்கள் அந்நான்கு திங்களும் ஓரிடத்தில் தங்குகின்றனர். முனிவர் நடக்கவே தயங்கும் காலத்தில் இல்லறத்தார் மண்ணைப் புரட்டலாகாது. தமிழ்நாட்டின் வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை நீடிக்கிறது. அது ஓய்ந்து, நிலம் உலர்ந்தபின், தை மாதப் பிற்பகுதி முதல் பங்குனி வரை இவ்வேலைக்கு ஏற்ற காலம். நீர் இறங்கிய மண் இடித்தால் நன்கு இறுகும். கடும் வெயில் தொடங்குமுன் சுண்ணாம்புக் கலவையும் வெடிக்காமல் இறுகும்.

இனிக் கல்லெடுத்தல். தத்துவார்த்த சூத்திரத்தின் 7ஆம் அத்தியாயம் அஹிம்சை விரதத்தை உறுதிப்படுத்தும் ஐந்து பாவனைகளுள் இரண்டாக ஈர்யா சமிதியையும் ஆதான நிக்ஷேபண சமிதியையும் கூறுகிறது. முன்னது பார்த்து நடத்தல். பின்னது எப்பொருளையும் பார்த்து எடுத்தல், பார்த்து வைத்தல். முனிவர் தம் கமண்டலத்தை வைக்குமுன் மயிற்பீலியால் அவ்விடத்தை மெல்ல நீவுவது இதன்பொருட்டே. இல்லறத்தார் கல்லை எடுக்கும்போதும் வைக்கும்போதும் கடைப்பிடிக்கத்தக்க முறையும் இதுவே.

மேற்சொன்ன அளவுள்ள கருங்கற் பலகை ஏறக்குறைய 150 கிலோ எடை இருக்கும். அதனைப் பட்டென்று புரட்டினால் ஆளுக்கும் தீங்கு, அடியில் உள்ள உயிர்களுக்கும் தீங்கு. கடப்பாரையின் அடியில் ஒரு மரக்கட்டையை வைத்து, ஒரு விளிம்பை மட்டும் இரண்டு விரல் உயரம் எழுப்பி, கல் துண்டுகளை அண்டை கொடுத்து அப்படியே விட்டுவிட வேண்டும். வெளிச்சமும் காற்றும் உள்ளே புகுந்தவுடன் பூரான், மரவட்டை, தேரை முதலியன தாமே இருளை நாடி அகலத் தொடங்கும். காலையில் எழுப்பி, மாலையில் சற்றே உயர்த்தி, மறுநாள் எடுப்பது நல்லது. எடுத்தபின் எஞ்சியவற்றை மென்மையான பூந்துடைப்பத்தால் முறத்தில் ஏற்றி, தோட்டத்தின் நிழலான ஈரமான பகுதியில் விட வேண்டும். மண்புழுக்களை ஈரமண்ணோடு சேர்த்தே அள்ள வேண்டும். தேள் இருக்கக்கூடுமாதலால் கையுறையும் காலணியும் இல்லாமல் யாரும் இதில் இறங்கலாகாது. மண்ணெண்ணெய் தெளித்தல், எறும்புப் பொடி தூவுதல், கறையான் மருந்து ஊற்றுதல் ஆகியவை இங்கே அறவே வேண்டாதவை. வேலை தொடங்குமுன்பே கொத்தனாரிடமும் சித்தாள்களிடமும் இதனைச் சொல்லிவிட வேண்டும். பிறகு சொன்னால் பயனில்லை.

வாயிலருகே ஆடிக்கொண்டிருந்த ஐந்தாவது கல்லை எழுப்பியபோது அடியில் பெரிய எறும்புப் புற்று முட்டைகளோடு தென்பட்டது என வைத்துக்கொள்வோம். அப்போது என் செய்வது? அக்கல்லை வந்தவாறே மெல்ல இறக்கிவிட வேண்டும். மற்ற நான்கையும் முடித்தபின், இக்கல்லின் விளிம்பில் உள்ள இடைவெளியில் புற்றின் வாயை அடைக்காதபடி சிறு கல் ஆப்புகளை வைத்து ஆட்டத்தை நிறுத்தலாம். வேலை ஒரு மாதம் தள்ளிப்போனாலும் பாதை எங்கும் ஓடிவிடாது.

கல்லை எடுத்த இடத்தில், தளர்ந்த மண்ணை மட்டும் நீக்க வேண்டும். கெட்டியான மண்ணைத் தொட வேண்டியதில்லை. மக்கிய வேர்களும் மரத்துண்டுகளும் இருந்தால் அகற்றிவிட வேண்டும். அவை பின்னர் மக்கிப் பள்ளமாகும், கறையானையும் வரவழைக்கும். வரும் கறையானைக் கொல்வதைவிட வரவழைக்காமல் இருப்பதே நெறி. உயிருள்ள வேர் கல்லைத் தூக்கியிருந்தால் வேரை வெட்டாமல், கல்லைச் சற்றே நகர்த்தியோ மணலைக் கூட்டி அக்கம்பக்கத்துக் கற்களை மெல்லச் சாய்த்தோ வழி செய்யலாம். குடிநீர்க் குழாயை இப்போதே பாதையின் ஓரத்துக்கு மாற்றிவிடுவது அறிவுடைமை. பாதையைக் குறுக்கே கடக்கவேண்டிய இடத்தில், குழாயைவிடப் பெரிய ஒரு குழாயைப் புதைத்து அதனுள் செலுத்தினால், பிற்காலத்தில் மண்ணைத் தொடாமலே உருவி மாற்றலாம்.

பிறகு மண்ணை இலேசாக நனைத்து, திமிசுக் கட்டையால் இடித்து இறுக்க வேண்டும். ஒரேயடியாக நிரப்பி இடிப்பதில் பயனில்லை. நான்கு அங்குலத்துக்கு ஒருமுறை இடித்தால்தான் அடிவரை இறுகும். அதன்மேல் 3 அங்குலம் செங்கல் சல்லியோ சரளையோ பரப்பி மீண்டும் இடித்து, மேலே 2 அங்குலம் ஆற்றுமணல் அல்லது கழுவிய எம்-சாண்ட் இட வேண்டும். இவ்வளவு கனமுள்ள பலகைக்கு அடியில் சிமெண்டுக் கலவை தேவையில்லை. மணற்படுக்கையே அதனைத் தாங்கும். நீரையும் கீழே விடும்.

கல்லை மீண்டும் வைக்குமுன் அதன் முகத்தைப் பார்க்க வேண்டும். பல தலைமுறைக் கால்கள் தேய்த்த கருங்கல் ஈரத்தில் வழுக்கும். அம்மியும் ஆட்டுக்கல்லும் தேய்ந்தால் உளி கொண்டு கொத்துவதுபோல, கல்தச்சரைக் கொண்டு பலகையின் மேற்பரப்பையும் இலேசாகக் கொத்தி எடுத்தால் கால் பிடிக்கும். அசையாமல் கிடக்கும் 7 கற்களையும் எடுக்காமலே, இருந்த இடத்தில் வைத்துக் கொத்திவிடலாம். புதுக்கல் வாங்கவேண்டிய தேவையே எழாது. இருப்பதைக் கொண்டு அமைவது அபரிக்கிரகத்தின் மிக எளிய வடிவம்.

வைக்கும்போது நூல் கட்டி, ரசமட்டத்தால் சாய்வைச் சரிபார்க்க வேண்டும். பாதையின் 4 அடி அகலத்துக்கு 1 அங்குலம் தோட்டத்தின் பக்கம் தாழ்ந்திருந்தால் நீர் தேங்காது. நடப்பவருக்கும் சரிவு தெரியாது. அசையாத 7 கற்களே இதற்கு அளவுகோல். முன்னோர் அறிந்து வைத்த சாய்வு அவற்றில் இருக்கிறது. அடுத்தடுத்த கற்களின் விளிம்புகள் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா என்பதைக் கையால் தடவிப் பார்க்க வேண்டும். தாயாரின் காலைத் தடுக்கியது விளிம்பின் வேறுபாடே.

கற்களின் இடைவெளிகளை வெறும் மணலால் நிரப்பலாம். மண் கரையும் இடமாயின் சுண்ணாம்புக் கலவை பொருந்தும். நன்கு நீற்றிய சுண்ணாம்பு ஒரு பங்கு, செங்கற்பொடியாகிய சுர்க்கி ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு சேர்த்துக் கெட்டியாகப் பிசைந்து இட்டு, ஈரச் சாக்கால் மூடி ஒரு வாரத்துக்குக் குறையாமல் காக்க வேண்டும். சுர்க்கி சேர்ந்த சுண்ணாம்பு ஈரத்திலும் இறுகும். பழைய கட்டடக் கலையில் முட்டை வெண்கருவைச் சேர்க்கும் வழக்கம் சில வட்டாரங்களில் உண்டு. சமண இல்லத்துக்கு அது ஆகாது என்பதைச் சொல்லவேண்டியதில்லை. கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைச் சேர்ப்பதும் மரபே. ஆயினும் வெல்லநீர் எறும்புகளை ஈர்க்கும். திறந்து வைத்தால் அவை அதில் விழுந்து மடியும். இவ்வளவு சிறிய வேலைக்குச் சுர்க்கியே போதுமானது. சுட்ட சுண்ணாம்பில் நீர் ஊற்றும்போது கொதிக்கும். கண்ணில் தெறித்தால் பார்வைக்குக் கேடு. ஆதலால் பிள்ளைகளை விலக்கி, பார்த்துத் தூய்மை செய்த இடத்தில் தொட்டி வைத்து நீற்ற வேண்டும்.

நீரைப் பற்றி ஒரு சொல். பல ஊர்களில் தெருச்சாலை மேன்மேலும் உயர்ந்து, பழைய வீடுகள் தாழ்ந்துவிட்டன. தெருநீர் பாதை வழியே வீட்டை நோக்கி ஓடி வருகிறது. இதற்குப் பாதையை உயர்த்துவது விடையன்று. வாயிற்படிக்கு உட்புறம் குறுக்கே ஆழமில்லாத ஒரு கல் ஓடையை அமைத்து, வரும் நீரைத் தோட்டத்துப் பக்கம் திருப்பிவிடலாம். மழைநீர் சேகரிப்பு அமைப்பு தமிழ்நாட்டில் 2003 முதல் கட்டடங்களுக்குக் கட்டாயமாக்கப்பட்டது. அவ்வமைப்பின் குழியை இவ்வோடையின் முடிவில் வைத்தால் ஒரே வேலை இரண்டுக்கும் உதவும். குழியைத் திறந்து விடலாகாது. கூழாங்கற்களால் நிரப்பி, மேலே நெருக்கமான வலையிட்டு மூட வேண்டும். இல்லையேல் தவளையும் ஓணானும் அதில் வீழ்ந்து ஏறமுடியாமல் மடியும்.

நீர் தேங்காத கல்லில் பாசி படர்வது அரிது. பாசியில் எண்ணற்ற உயிர்கள் உள்ளன என்பது ஆகமக் கொள்கை. அமிலம் ஊற்றியும் பொடி தூவியும் அதனை அழிப்பது ஆண்டுதோறும் தொடரும் தீங்கு. சாய்வைச் சரிசெய்து, மேலே கவிந்த கிளைகளை ஒதுக்கிக் கட்டிக் காலை வெயில் படச்செய்தால், பாசி தோன்றுவதே குறைந்துவிடும். தீங்கைச் செய்துவிட்டு வருந்துவதினும், அதற்கு வாய்ப்பே எழாமல் அமைத்துக்கொள்வது மேல்.

ஈர்யா சமிதிக்கு நான்கு முழத் தொலைவு முன்னே நோக்கி நடத்தல் இலக்கணம். அவ்வாறு நோக்குதற்கு நிலமும் இடந்தர வேண்டும். பல நிறப் பூ வேலைப்பாடுள்ள டைல்ஸில் எறும்பு வரிசை கண்ணுக்குப் புலப்படாது. சாம்பல் நிறமான, பளபளப்பில்லாத கருங்கல்லில் ஓர் எறும்பும் தெரியும். முன்னோர் இதனை எண்ணித்தான் கருங்கல்லைத் தேர்ந்தார்கள் என்று கூற வேண்டியதில்லை. கிடைத்த கல்லை இட்டார்கள். ஆயினும் பார்த்து நடக்க விரும்புவோருக்கு அக்கல் துணை நிற்கிறது. விடியலில் ஆலயம் செல்வோருக்காக விளக்கு வைப்பதாயின், உயரத்தில் வெண்ணிற விளக்கை எரிப்பதினும், முழங்கால் உயரத்தில், ஒளி கீழ்நோக்கி விழும்படி மூடியிட்ட மஞ்சள் நிற விளக்கை வைப்பது நன்று. மஞ்சள் ஒளி பூச்சிகளைக் குறைவாகவே ஈர்க்கும். திண்ணைப் படியருகே முதியோர் பற்றிக்கொள்ள ஒரு கைப்பிடிக் கம்பியும் அமைத்தால் பணி நிறைவுறும்.

இனி, அத்தாயும் மகனும். வேலை நடந்த நாள்களில் மகன் விடுப்பு எடுத்து ஊரில் தங்கினார் எனக் கொள்வோம். இரண்டு நாளில் முடியவேண்டிய வேலை பன்னிரண்டு நாள் எடுத்தது. முதல் நாள் பொறுமையிழந்த கல்தச்சர், மூன்றாம் நாள் தாமே கல்லை எழுப்பி வைத்துவிட்டு, "இருங்கள் ஐயா, தேரை போகட்டும்" என்று காத்திருந்தார். ஐந்தாவது கல்லின் கீழ் எறும்புகள் இருந்தபடியே இருக்கின்றன. தாயாரின் கால் இப்போது தடுக்குவதில்லை. "கல்லை எடுக்காதே" என்று அவர் சொன்னதும் "விழாமல் இருக்க வேண்டும்" என்று மகன் சொன்னதும் பெரும்பாலும் நிறைவேறிவிட்டன. முழுமையாக நிறைவேறவில்லை என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. எவ்வளவு கவனமாகச் செய்தாலும் நான்கு கற்களின் கீழ் சில உயிர்கள் மடிந்திருக்கும். அன்று மாலை தாயார் பிரதிக்கிரமணத்தில் அமர்ந்தது அதன்பொருட்டே.

இந்தக் கற்பனை வீட்டை ஒத்த மெய்யான வீடுகள் பல ஊர்களில் பூட்டிக் கிடக்கின்றன. விழாவுக்கு மட்டும் திறக்கப்படும் வீடுகளும் உண்டு. அவற்றின் கதவைத் திறக்குமுன் கால் படுவது அக்கல்வழியில்தான். ஆண்டுக்கு ஒருமுறை வருவோரும், வந்தவுடன் பெட்டியை உள்ளே வைக்குமுன், ஒரு கணம் நின்று அந்தக் கற்களைப் பார்க்கலாம்: எது அமிழ்ந்தது, எது ஆடுகிறது, நீர் எங்கே தேங்குகிறது என்று. பார்ப்பதற்குச் செலவில்லை. செப்பனிடுவதற்கும் பெருஞ்செலவு இல்லை.

வெறுங்காலோடு நடந்து வரும் முனிவர் ஒருவர் ஆகாரத்துக்காக அத்தெருவில் வருங்கால், வாயிலில் கைகூப்பி நின்று எதிர்கொள்ளும் இல்லறத்தாருக்கு, அவரை உள்ளே அழைத்துச் செல்ல அந்த 18 அடி வழியே இருக்கிறது. அவர் நான்கு முழம் முன்னே நோக்கியே நடப்பார். அப்பார்வைக்குத் தக்கதாக அவ்வழி தெளிவாகவும், ஈரமின்றியும், உயிர்கள் நசுங்காமலும் இருப்பதே இல்லத்தார் அளிக்கக்கூடிய முதல் வரவேற்பு.

அறம் வளர்க! எல்லா உயிரும் இன்புற்று வாழ்க!